எந்த நாடு என்று நீங்களே எழுதுங்கள்

1984 டிசம்பரில் ஒரு நாள் காலை பவளம் தன் தங்கையை என் கடைக்கு அழைத்து வந்தாள். உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், சைக்கிள் கடைக்கும் உரக்கடைக்கும் நடுவே இருந்த ஒற்றை அறைதான் என் டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட். விடிந்ததும், மறுபடி சாயங்காலமும் பிள்ளைகளுக்கு வகுப்பு. பத்து மணிக்கு மேல் ஊராருக்கு மனு அடித்துக் கொடுப்பேன். பவளத்தை எனக்கு முன்பே தெரியும். அரிசி மில்லில் நெல் அவிக்கிறவள். பதினோரு வருஷமாக இந்த ஊரில் இருந்தும் அவளுக்கு 'சிலோன்காரி' என்றுதான் பேர்.

"தானியேல் சார், இது என் தங்கச்சி சிட்டம்மா. படகுல வந்துகீது. அரிசிக்கு ஒரு மனு அடிக்கணும்," என்றாள்.

தங்கை அக்காவைவிட உயரம். கூட பதினோரு வயது மகள், தேவகி. நான் தாளைச் சொருகி அடிக்க ஆரம்பித்தேன். வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே அடிப்பது என் பழக்கம். "அனுப்புநர், இலங்கை அகதி சிட்டம்மாள்..."

"அகதின்னு போடாதீங்க சார். பேரை மட்டும் போடுங்க," என்றாள் அவள்.

"அது இருந்தாத்தாம்மா மனுவைக் கையில வாங்குவாங்க."

"எங்க தாத்தாவுக்கு மானாம்பதி. இங்கருந்து பஸ்ல அரை மணி நேரம்னு அக்கா சொல்லுது. தாத்தா ஊருக்கு வந்தவ எப்படி சார் அகதி?"

நான் அடித்த வார்த்தையை அழிக்கவில்லை. அடுத்த நான்கு வருஷத்தில் அவளுக்காக இருபத்திரண்டு மனு அடித்தேன். ஒன்றைத் தவிர எல்லாவற்றிலும் அந்த வார்த்தை இருந்தது. ஒன்றுக்குக்கூட நேரான பதில் வரவில்லை.

அவள் கதையைத் துண்டு துண்டாகத்தான் கேட்டேன். தாத்தா மானாம்பதியில் பண்ணையாள். தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்க வந்த கங்காணியோடு சிலோனுக்குப் போனார். பேத்திகள் இருவரும் ஹட்டன் பக்கத்து லயத்தில், தோட்டக் கூலிகளின் வரிசை வீட்டில், பிறந்தார்கள். கொழுந்து கிள்ளக் கற்றுக்கொண்ட வயதில்தான் தங்களுக்கு எந்த நாடும் இல்லை என்பதையும் கற்றுக்கொண்டார்கள். 1948-ல் வந்த ஒரு சட்டம் தோட்டத்து ஜனங்களை நாடில்லாதவர்களாக்கிவிட்டது. 1964-ல் இந்தியப் பிரதமரும் சிலோன் பிரதமரும் உட்கார்ந்து ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். ஐந்தேகால் லட்சம் பேர் உனக்கு, மூன்று லட்சம் பேர் எனக்கு, மிச்சத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். மாட்டுச் சந்தையில்கூட மாட்டைப் பிடித்து வாயைத் திறந்து பார்ப்பான். இந்த ஜனங்களின் முகத்தைக்கூட யாரும் பார்க்கவில்லை. எண்ணிப் பிரித்தார்கள், அவ்வளவுதான்.

பவளத்தின் புருஷன் ராஜாராம், எந்த நாடு வேண்டும் என்று கேட்ட பாரத்தில் இந்தியா என்று எழுதினான். சிட்டம்மாளின் புருஷன் பச்சமுத்து, பிறந்த மண் இதுதானே என்று சிலோன் கேட்டு எழுதினான். இரண்டு பாரமும் ஒரே கங்காணி வீட்டில், ஒரே மத்தியானம் நிரப்பப்பட்டவை. அன்றோடு ஒரு வயிற்றில் பிறந்த அக்காவும் தங்கையும் வேறு வேறு நாட்டுக்காரிகள் ஆனார்கள். பவளம் 1973-ல் கப்பல் ஏறினாள். அவளுக்குச் சர்க்கார் வைத்த பேர் 'தாயகம் திரும்பியவர்'. அவள் அதுவரை பார்த்தேயிராத தாயகம். சிட்டம்மாளின் பாரத்துக்குப் பதிலே வரவில்லை.

1977 கலவரத்தில் அவர்களுடைய லயம் எரிந்தது. பச்சமுத்து குடும்பத்தோடு வவுனியா பக்கம் போய்க் காடு வெட்டிச் சோளம் போட்டான். 1984 ஆகஸ்டில் அந்தச் சோளக்காட்டிலிருந்து ராணுவம் அவனை ஏற்றிக்கொண்டு போனது. மூன்றாம் நாள் ரோட்டோரத்தில் பிணம் கிடந்தது. சிட்டம்மாள் மகளை இழுத்துக்கொண்டு மன்னார் கரைக்கு நடந்தாள்.

இந்தப் பக்கம் கரையேறியதும் பதிவு முகாமில் ஒரு குமாஸ்தா கேட்டானாம்.

"சொந்தக்காரங்க யாராவது இருக்காங்களா?"

"கூடப் பொறந்த அக்கா இருக்குது."

"அப்ப அவங்க கூடவே இருக்கலாமே. இதுல கையெழுத்துப் போடு."

அக்கா வீட்டுக்கு அனுப்புகிறார்களே என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டாள். முகாமை விட்டு வெளியே தங்கினால் அரிசி கிடையாது, உதவிப் பணம் கிடையாது, போலீசில் மட்டும் தவறாமல் போய்க் கையெழுத்துப் போட வேண்டும் என்று அந்த இங்கிலீஷ் தாளில் இருந்ததை அவளுக்கு யாரும் படித்துக் காட்டவில்லை.

நான் அடித்த முதல் மனுவை எடுத்துக்கொண்டு அக்கா, தங்கையோடு ரெவின்யூ ஆபீசுக்குப் போனேன். வேதகிரி என்று ஒரு கிளார்க். கெட்டவர் இல்லை. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"கேம்ப்ல இருந்தா அரிசி. வெளில இருந்தா போலீசு. ரூலு அப்டித்தான் கீது சார். நான் இன்னா பண்றது?"

"அக்காவுக்குத் தாயகம் திரும்பினவங்கன்னு கார்டு கீதே. இவங்களையும் அதுல சேர்க்கலாமே," என்றேன்.

"அக்கா ஒப்பந்தத்துல கப்பல்ல வந்தாங்க. இந்தம்மா சண்டையில படகுல வந்தாங்க. அது வேற டிபார்ட்மெண்ட்டு, இது வேற டிபார்ட்மெண்ட்டு."

சிட்டம்மாள் வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றுகொண்டு அக்காவைப் பார்த்தாள். "நீ கப்பலு. நான் படகு," என்றாள். அதைச் சிரித்துக்கொண்டு சொல்லவில்லை.

பள்ளிக்கூடத்தில் இன்னொரு கூத்து. தேவகியிடம் ஜாதிச் சான்றிதழும் இல்லை, பழைய பள்ளியின் டி.சி.யும் இல்லை. தலைமையாசிரியை ஆண்டாளம்மாள் நல்ல மனசுக்காரி. எந்தத் தாளும் இல்லாமலே சேர்த்துக்கொண்டாள். ஆனால் பதிவேட்டில் எல்லாக் கட்டத்தையும் நிரப்பித்தான் ஆகவேண்டும். மதம்: இந்து. ஜாதி: அகதி. அதை நான் என் கண்ணால் பார்த்தேன். எங்கள் ஊரில் ஜாதிக்குக் குறைச்சலா என்ன? புதிதாக ஒன்றை உண்டாக்கி ஒரு குழந்தையின் தலையில் கட்டினோம்.

பவளத்தின் வீடு ஒரே அறை. ராஜாராம், பவளம், அவர்கள் பிள்ளைகள் மூவர், இப்போது இவர்கள் இருவர். சிட்டம்மாள் உட்கார்ந்து சாப்பிடுகிறவள் இல்லை. நடவு, களை, அறுப்பு என்று எங்கே கூப்பிட்டாலும் போனாள். திங்கட்கிழமை மட்டும் வேலைக்குப் போக முடியாது. அன்றைக்குப் போலீசில் கையெழுத்து. பத்து மணிக்குப் போனால் சில நாள் பதினொன்றுக்கு விடுவார்கள், சில நாள் மூன்று மணி ஆகும். அன்றைய கூலி போனது போனதுதான்.

1986 ஆவணியில் சாலவாக்கத்தில் ஐந்து நாள் நடவு வேலை. இடையில் திங்கட்கிழமை வந்தது. அன்று வேலையை விட்டால் மீதி நாளுக்கும் வேறு ஆளை வைத்துவிடுவார்கள். அவள் கையெழுத்துக்குப் போகவில்லை. புதன்கிழமை காலை ஒரு போலீஸ்காரர் சாலவாக்கத்துக்கே வந்து, சேற்றில் நின்றவளைக் கரையேறச் சொன்னார். காலைக் கழுவக்கூட விடவில்லை. ஸ்டேஷன் சிமெண்டுத் தரையில் சாயங்காலம் வரை உட்கார்த்தி வைத்தார்கள். நான் போனபோது முழங்கால் சேறு காய்ந்து வெடித்திருந்தது.

"எங்க போய்க்கினு வர? பசங்க யாருக்குச் சோறு போட்டுக்கினு கீற?" என்று ஏட்டு கேட்டுக்கொண்டிருந்தார். 'பசங்க' என்றால் துப்பாக்கி தூக்கிய பையன்கள்.

"ஒரு ஏக்கர் நட்டிருக்கேன். வந்து பாருங்க. அதுதான் சாட்சி," என்றாள்.

இந்தியக் குடிமகன் ஒருவன் ஜாமீன் எழுதிக் கொடுத்தால்தான் விடுவோம் என்றார்கள். அந்த ஜாமீனை நான்தான் அடித்துக் கொடுத்தேன். ராஜாராம் அதை இரண்டு தரம் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டான். அவனுக்குத் தன் காகிதத்தின் மேலேயே நம்பிக்கை இல்லை. தோட்டத்தில் பிறந்தவர்கள் எல்லோருக்கும் அந்தப் பயம் உண்டு. கொடுத்தவன் எப்போது வேண்டுமானாலும் பிடுங்கிக்கொள்வான் என்ற பயம்.

வீட்டு வாசலில் வைத்தே சொன்னான். "இவளால எங்க கார்டும் பூடும். ஏதாவது கேம்ப்புக்குப் போகச் சொல்லு."

பவளம் அதுவரை புருஷனை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை. அன்றைக்குப் பேசினாள்.

"அவ போனா நானும் போறேன். இந்தியான்னு பாரம் எழுதினப்போ என்னை ஒரு வார்த்தை கேட்டியா? அவ புருசன் அவளக் கேட்டானா? நீங்க ரெண்டு ஆம்பிளைங்க எழுதினீங்க. ரெண்டு மந்திரிங்க கையெழுத்துப் போட்டாங்க. நாங்க ரெண்டு பேரும் கடலுக்கு இந்தாண்டையும் அந்தாண்டையும் கிடந்தோம். இப்பத்தான் ஒரு பானையில துன்றோம். இதையும் பிரிக்கணுமா?"

ராஜாராம் உள்ளே போய்விட்டான். ஆனால் அந்த மாதமே சிட்டம்மாள் தானாகவே அதே தெருக்கோடியில் ஒரு கூரைக் கொட்டகையைப் பிடித்துக்கொண்டு மகளோடு தனியே போனாள். அக்காவின் குடும்பத்தைப் பிரித்தவள் என்ற பேர் தனக்கு வேண்டாம் என்றாள்.

எனக்கு அன்றிலிருந்து மனசு ஆறவில்லை. என் தாத்தாவும் பண்ணையாள்தான், சாலவாக்கத்தில். அதே கங்காணி அவரையும் கூப்பிட்டிருப்பான். அவர் போகாமல் நின்றதற்குக் காய்ச்சலோ, கடனோ, பயமோ, என்ன காரணமோ எனக்குத் தெரியாது. அவர் நின்றார், நான் குடிமகன், ஓட்டுப் போடுகிறேன், மனு அடிக்கிறேன். அவளுடைய தாத்தா நடந்தார், அவள் சேற்றுக் காலோடு ஸ்டேஷன் தரையில் உட்கார்ந்தாள். எங்கள் இருவருக்கும் வேறு என்ன வித்தியாசம் என்று யாராவது சொல்லட்டும்.

மெட்ராசில் எங்கள் சபையைச் சேர்ந்த வக்கீல் ஒருவர் இருந்தார். அவரைத் தேடிப் போனேன். பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்.

"அகதிகளுக்குன்னு உலக நாடுகள் சேர்ந்து போட்ட உடன்படிக்கை ஒண்ணு இருக்கு, தானியேல். அகதியைத் திருப்பி அனுப்பக்கூடாது, வேலை செய்ய விடணும், காகிதம் குடுக்கணும்னு எல்லாம் அதுல இருக்கு. நம்ம நாடு அதுல கையெழுத்துப் போடலை."

"நாடே இல்லாதவங்களுக்கு?"

"அதுக்கும் தனியா ஒண்ணு இருக்கு. அதுலயும் நாம இல்லை. இலங்கையும் இல்லை."

"அப்ப இந்தம்மா சட்டப்படி யாரு?"

"அந்நியர். வெள்ளைக்காரன் காலத்துச் சட்டம் ஒண்ணு இருக்கே, அதுல அகதின்னு ஒரு வார்த்தையே கிடையாது. சுற்றுலாவுக்கு வந்த அமெரிக்காக்காரனும் இவங்களும் அதுல ஒண்ணுதான்."

பஸ்ஸில் திரும்பி வரும்போது எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. அகதி என்று போடாதீர்கள் என்று அவள் கெஞ்சினாள். நான் பிடிவாதமாக இருபது மனுவில் அடித்தேன். கடைசியில் அந்த வார்த்தை சட்டத்திலேயே இல்லை.

1987 ஜூலையில் இரண்டு நாடுகளும் மறுபடி ஓர் ஒப்பந்தம் போட்டன. இந்தியப் படை அங்கே போனது. அமைதி வந்துவிட்டது, அகதிகள் ஊர் திரும்பலாம் என்று ரேடியோவில் சொன்னார்கள். 1988 பிப்ரவரியில் எங்கள் ஊருக்கு ஒரு ஜீப் வந்தது. சுற்று வட்டாரத்தில் முகாமுக்கு வெளியே இருந்த பதினேழு குடும்பங்களை வரச்சொல்லி, ஆபீஸ் வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்தார் ஓர் அதிகாரி. பக்கத்தில் வேதகிரி. பாரம் இங்கிலீஷில் இருந்தது. படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டிருந்தார்கள்.

முதல் நான்கு குடும்பங்கள் கையெழுத்துப் போட்டுவிட்டன. யாழ்ப்பாணத்து ஆட்கள். அங்கே வீடு இருந்தது, நிலம் இருந்தது. போக வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. ஐந்தாவதாகச் சிட்டம்மாள்.

"கப்பல் தயாரா இருக்கும்மா. அக்கரையில இறங்கினா ஐ.நா. சபை ஆளுங்க இருப்பாங்க. கூரைக்குத் தகரம், அரிசி எல்லாம் கிடைக்கும். சொந்த இஷ்டத்தோட போறேன்னு ஒரு கையெழுத்து," என்றார் அதிகாரி. குரலில் கடுமை இல்லை. நாள் முழுக்க அதையே சொல்லிக் களைத்த குரல்.

"இதுல என்ன எழுதியிருக்குது சார்?" என்று அவள் என்னைக் கேட்டாள்.

படித்தேன். "யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல், என் சொந்த விருப்பத்தின் பேரில், என் சொந்த நாட்டுக்குத் திரும்பிச் செல்கிறேன்."

"சொந்த நாடுன்னா எதுங்க?"

அதிகாரி நிமிர்ந்தார். "ஸ்ரீலங்காதாம்மா. வேற எது?"

"அதை எழுதிக் குடுங்க."

"எதை?"

"நான் சிலோன் பிரஜைன்னு. எந்த நாடுன்னு நீங்களே உங்க கையால எழுதி, சீல் வைங்க. எங்க அப்பன் சாகற வரைக்கும் அந்த ஒரு தாளைக் கேட்டாரு. எங்க வீட்டுக்காரரு கேட்டுக்கிட்டே இருந்தாரு. யாரும் குடுக்கல. நீங்க எழுதிட்டா இப்பவே கையெழுத்துப் போட்டு இன்னைக்கே போறேன்."

அதிகாரி வேதகிரியைப் பார்த்தார். வேதகிரி பாரத்தைப் பார்த்தார். நாட்டுரிமை என்ற கட்டம் காலியாக இருந்தது.

"இன்னொரு நாட்டுப் பிரஜைன்னு நாங்க எப்படிம்மா எழுத முடியும்?"

"அப்ப இந்தியாப் பிரஜைன்னு எழுதுங்க. எங்க அக்கா இந்தியாதானே. ஒரே தாய் வயிறுதான்."

"அது முடியாது."

"அதுவும் முடியாது, இதுவும் முடியாது. அப்ப எந்த நாட்டுக்குய்யா என்னை அனுப்பறீங்க?"

அதிகாரியின் முகம் மாறியது. "கையெழுத்துப் போடலைன்னா கிடைக்கற சலுகை எல்லாம் நின்னுபோயிடும். யோசிச்சுக்கோ."

"எது நிக்கும்? மூணு வருசமா ஒரு படி அரிசி குடுத்தீங்களா? ஒரு பாய் குடுத்தீங்களா? குடுத்திருந்தாத்தானே நிறுத்த முடியும். திங்கக்கிழமை கையெழுத்து ஒண்ணுதான் நீங்க எனக்குக் குடுத்தது. அதை நிறுத்துங்க, சந்தோசம்."

"மறுத்துட்டாங்கன்னு எழுதிக்கோ," என்றார் அவர் வேதகிரியிடம்.

சிட்டம்மாள் மேஜையில் கையை ஊன்றினாள். "மறுத்தேன்னு எழுதாதீங்க. கேட்டேன்னு எழுதுங்க. எந்த நாடுன்னு கேட்டேன், பதில் இல்லைன்னு எழுதுங்க."

வேதகிரி பேனாவை மூடி வைத்தார். எழுதவில்லை. பிறகு என்னைப் பார்த்து, "நீங்க போய் அந்தம்மா சொன்னதை அப்படியே அடிச்சிக்கினு வாங்க சார். நான் சீல் போட்டு வாங்கிக்கறேன்," என்றார். அதிகாரி அவரை முறைத்தார். ஆனால் தடுக்கவில்லை. நான் ஓடிப்போய் அடித்துக் கொண்டு வந்தேன். அந்த மனுவில் மட்டும் அகதி என்ற வார்த்தையைப் போடவில்லை. சிட்டம்மாள், மானாம்பதி கோவிந்தன் பேத்தி என்று அடித்தேன்.

கப்பல் அவள் இல்லாமல் போனது. அவளுக்குப் பின்னால் நின்றவர்களில் மூன்று குடும்பங்கள் அவகாசம் கேட்டன. மீதிப் பேர் கையெழுத்துப் போட்டுப் போனார்கள். அவளுடைய கோப்பு 'மேலே' போயிருப்பதாக வேதகிரி சொல்லிக்கொண்டிருந்தார். மேலே என்றால் எங்கே என்று அவருக்கும் தெரியாது. பலன் ஒன்றே ஒன்றுதான். வாரம் ஒரு கையெழுத்து வாரம் இரண்டு ஆனது. திங்களும் வியாழனும்.

1989 தையில் ஹட்டனிலிருந்து ஒரு கடிதம் வந்தது. பச்சமுத்துவின் அண்ணன் எழுதியது. அவளுக்குப் படிக்கத் தெரியும். ஆனால் புரிந்ததா என்று சந்தேகம் வந்து என்னிடம் கொண்டு வந்தாள். நான் படித்தேன். அங்கே போன வருஷம் ஒரு புதுச் சட்டம் போட்டிருக்கிறார்களாம். இந்தியாவுக்கு எழுதிக் கொடுக்காமல் நாடில்லாமல் மிச்சம் இருந்த தோட்டத்து ஜனங்கள் எல்லோருக்கும் ஒரே அடியாகப் பிரஜா உரிமையாம். அலையவே வேண்டாமாம். அண்ணன் குடும்பத்துக்கு வந்துவிட்டது. ஆனால் இலங்கையில் குடியிருக்கிறவர்களுக்கு மட்டும்தான் அந்தச் சட்டம், அங்கே இருந்திருந்தால் உனக்கும் பாப்பாவுக்கும் கிடைத்திருக்கும் என்று எழுதியிருந்தார்.

"இன்னொரு தரம் படிங்க," என்றாள்.

படித்தேன்.

"குடியிருக்கிறவங்களுக்கு மட்டும்னா, உயிருக்குப் பயந்து ஓடி வந்தவங்க சேர மாட்டாங்களா?"

"சேர மாட்டாங்க போலத்தான் இருக்கு."

அவள் பெஞ்சில் உட்கார்ந்தாள். வெளியே காஞ்சிபுரம் பஸ் நின்று ஆளை ஏற்றிக்கொண்டு போனது. பிறகு பேசினாள். குரல் உயரவே இல்லை.

"ஓடாம அந்தச் சோளக்காட்டுலயே நின்னு, தப்பிப் பொழைச்சுக் கிடந்திருந்தா இன்னைக்கு நான் ஒரு நாட்டுக்காரி. புள்ளையைக் காப்பாத்த ஓடி வந்தேன் பாருங்க, அதுதான் நான் பண்ணின குத்தம்."

ஆறுதல் சொன்னால் அது பொய்யாக இருக்கும். இன்னொரு மனு அடிக்கலாம் என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன்.

"தேவகி சாயங்காலம் டைப் அடிக்க வருமில்ல?" என்றாள்.

"வரும்."

"இதை அவகிட்ட படிச்சுக் காட்டுங்க. விடாம எல்லாத்தையும் சொல்லுங்க. அந்த 64-லருந்து சொல்லுங்க. யாரு யாரு என்ன பண்ணினாங்கன்னு எம் பொண்ணு தெரிஞ்சுக்கணும்."

கடிதத்தை என் மேஜை மேலேயே வைத்துவிட்டுக் களை எடுக்கப் போனாள். ஐந்து மணிக்குத் தேவகி வந்தாள். மற்றப் பிள்ளைகளை அனுப்பிவிட்டு அவளை உட்காரச் சொன்னேன்.